செய்ன் நதியில் ஒரு மணி நேரம், கையில் ஒரு பெட்டி பேஸ்ட்ரி: பாரிஸ் பிற்பகலுக்கு முழுமையான வழிகாட்டி

பாரிஸுக்கு இரண்டு மூன்று நாள் வந்துபோகிறவர்களின் பட்டியலில் இரண்டு விஷயம் நிச்சயம் இருக்கும்: செய்ன் நதியில் படகு ஏற வேண்டும், நல்ல பிரெஞ்சு பேஸ்ட்ரி சாப்பிட வேண்டும். நடைமுறையில் என்ன ஆகிறது? ஈபிள் கோபுரத்தைப் பார்த்த கையோடு அதன் அடியில் நிற்கும் படகில் ஏறிவிடுகிறார்கள். பேஸ்ட்ரி, ஊருக்குக் கிளம்பும் அன்று ரயில் நிலையத்தில் வாங்கும் ஒரு க்ரோசானோடு முடிந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே பிற்பகலில் அவசரமில்லாமல் சேர்க்க முடியும். மூன்றரை மணி நேரம் போதும். படித்துறையையும் கடையையும் சரியாகத் தேர்ந்தெடுத்தால் இடையில் மெட்ரோகூட வேண்டாம், நடந்தே போய்விடலாம்.

படகையும் பேஸ்ட்ரியையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாகவும் விற்கிறார்கள். படகிலேயே தட்டில் வைத்துத் தருவதும் உண்டு. நடக்கச் சிரமப்படும் பெரியவர்கள் கூட இருந்தால் அது வசதிதான், தயங்காமல் வாங்கலாம். மற்றவர்களுக்கு என் யோசனை, தனித்தனியாக வாங்குங்கள். நல்ல பேஸ்ட்ரி அன்று காலையில் செய்து அன்றே சாப்பிட வேண்டியது. அதைச் செய்த கடையில் கண்ணால் பார்த்து வாங்கும்போது கிடைப்பது, மொத்தமாக வரவழைத்துப் பரிமாறும் தட்டில் கிடைக்காது. தவிர, கண் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நாக்கு எதையும் கவனிக்காது.

1. எது முதலில் என்பதை மாதம் முடிவு செய்யட்டும்

ஜூன் கடைசியில் பாரிஸில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும். டிசம்பரிலோ மாலை ஐந்துக்குள் இருட்டிவிடும். எது முதலில் என்பது முழுக்க இதைப் பொறுத்தது.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை படகுதான் முதலில். மூன்று மணி வாக்கில் ஏறினால் நாலேகாலுக்குக் கரையில் இருப்பீர்கள். பிரெஞ்சுக் குழந்தைகள் பள்ளி விட்டு வந்து இனிப்பு சாப்பிடுவதும் அந்த நேரத்தில்தான். அந்தச் சிற்றுண்டிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கூத்தே. கடைகளில் சரக்கும் அப்போது தீர்ந்திருக்காது.

நவம்பர் முதல் ஜனவரி வரை தலைகீழாகச் செய்யுங்கள். மூன்றரைக்குக் கடை, உட்கார்ந்து சாப்பிட ஒரு மணி நேரம், அப்புறம் ஐந்தரை மணிப் படகு. இருட்டிய பிறகு ஈபிள் கோபுரம் ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிடம் மின்னும். ஐந்தரைக்குக் கிளம்பும் படகு கோபுரத்தை நெருங்கும் நேரமும் ஆறு மணியும் ஒத்துவர நல்ல வாய்ப்பு உண்டு. குளிருக்குக் கையுறை, தொப்பி அவசியம். மேல்தளத்தில் ஆற்றுக்காற்று எலும்பு வரை போகும்.

பல பேஸ்ட்ரிக் கடைகளுக்குத் திங்கள் அல்லது செவ்வாய் விடுமுறை. ஆகஸ்டில் சில கடைகள் வாரக்கணக்கில் பூட்டியிருக்கும். ஞாயிறன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கேக் வாங்கிப்போகும் பழக்கம் பிரெஞ்சுக் குடும்பங்களில் இருப்பதால், அன்று பிற்பகல் அலமாரி காலியாகக் கிடக்கலாம். புதன் முதல் சனி வரை எந்த நாளும் நல்ல நாள்.

2. ஈபிள் கோபுரத்தடியில் ஏறாதீர்கள்

பத்தோ மூஷ் படகுகள் அல்மா பாலத்தருகே கிளம்புகின்றன. பத்தோ பரிசியான், வெதெத் து பாரி இரண்டும் ஈபிள் கோபுரத்தை ஒட்டிக் கிளம்புகின்றன. எல்லாமே ஒழுங்காக நடக்கும் நிறுவனங்கள். ஆனால் பேஸ்ட்ரியோடு சேர்ப்பதற்கு நான் சொல்வது நான்காவதை: வெதெத் து போன் நஃப். இது நகரத்தின் நடுவில், சிதே தீவின் மேற்கு நுனியிலிருந்து கிளம்புகிறது. அங்கிருந்து வடக்கே வலது கரைக்கும் தெற்கே இடது கரைக்கும் பாலம் ஒன்றுதான் தூரம். இரு கரையிலும் கால் மணி நேர நடையில் பாரிஸின் நல்ல பேஸ்ட்ரிக் கடைகள் வந்துவிடும்.

போகும் வழி எளிது. மெட்ரோ 7ஆம் தடத்தில் போன் நஃப் நிலையத்தில் இறங்கிப் பாலத்தில் ஏறுங்கள். நடுவில் நான்காம் ஹென்றி மன்னர் குதிரைமேல் இருப்பார். சிலைக்குப் பின்னால் கல்படிகள் கீழே வேர் கலான் பூங்காவுக்கு இறங்கும். இந்தப் பூங்கா தீவின் மற்ற பகுதியைவிட ஏழு மீட்டர் வரை தாழ்ந்தது. தீவு ஒரு காலத்தில் இருந்த உயரம் அதுதான். படித்துறை அதன் ஓரத்திலேயே. சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ இருந்தால் இந்தப் படிகள் சிரமம். அப்போது அல்மா பாலத்துப் படகே மேல்.

பத்தோபுஸ் என்று இன்னொன்று இருக்கிறது. பேருந்து மாதிரி நிறுத்தம் நிறுத்தமாக ஏறி இறங்கலாம், ஒரு நாள் சீட்டு. விளக்கவுரையை எதிர்பார்க்க வேண்டாம். நாள் முழுக்க ஆற்றோரமே சுற்றுகிறவர்களுக்கு அது நல்லது.

3. டிக்கெட்டும் நீர்மட்டமும்

பெரியவர்களுக்கு டிக்கெட் தோராயமாக 15 முதல் 20 யூரோ. இணையத்தில் முன்கூட்டி வாங்கினால் பெரும்பாலும் கொஞ்சம் குறையும். குறிப்பிட்ட நேரத்துக்குக் கட்டுப்படாத டிக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். மழை வந்தால் அடுத்த படகுக்குத் தள்ளிப்போடலாம்.

குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆறு பெருகினால் பாலத்தின் அடியில் படகு நுழைய உயரம் போதாது, சேவையை நிறுத்திவிடுவார்கள். 2016 ஜூனிலும் 2018 ஜனவரியிலும் அப்படி நின்றது. அல்மா பாலத்தில் சுவாவ் என்ற படைவீரனின் கற்சிலை இருக்கிறது. தண்ணீர் அவன் காலைத் தொட்டால் பாரிஸ்காரர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். 1910 வெள்ளத்தில் அவன் தோள்வரை வந்தது. கிளம்பும் அன்று காலை படகு நிறுவனத்தின் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

4. படகில்: கட்டிடங்களைப் பேஸ்ட்ரிக்காரரின் கண்ணால்

எந்தப் பக்கம் உட்காருவது என்று அடித்துக்கொள்ள வேண்டாம். படகு முதலில் மேற்கே ஈபிள் கோபுரம் வரை போய், திரும்பி, அதே வழியில் வந்து தீவுகளைச் சுற்றும். போகும்போது உங்களுக்கு எதிர்ப்பக்கம் போன கரை, வரும்போது உங்கள் பக்கம் வந்துவிடும். மேல்தளமா என்பதுதான் முக்கியம்.

கிளம்பும் இடத்திலேயே போன் நஃப். பெயர் புதுப்பாலம் என்றாலும் இன்று நிற்கும் பாலங்களில் இதுவே பழையது. 1578இல் தொடங்கி 1607இல் முடித்தார்கள். அதன் விளிம்பு நெடுக நூற்றுக்கணக்கான கல்முகங்கள், ஒன்றைப்போல் ஒன்று இல்லை. அப்புறம் இடப்புறம் பிரெஞ்சுக் கழகத்தின் குவிமாடம், வலப்புறம் லூவரின் நீண்ட சுவர், மறுபடி இடப்புறம் 1900இல் ரயில் நிலையமாகத் திறந்து 1986இல் அருங்காட்சியகமான ஓர்சே. கொன்கோர்ட் பாலம் பாஸ்தீய் சிறையை இடித்த கற்களையும் போட்டுக் கட்டியது. 1900 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய மூன்றாம் அலெக்சாண்டர் பாலத்தில் தங்கமுலாம் பூசிய குதிரைகள்.

இங்கே ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் பயணத்தையும் பேஸ்ட்ரியையும் நான் சேர்க்கச் சொல்வதற்கு அவர்தான் காரணம். மரி-அந்த்வான் கரேம், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பாரிஸில் தெருவில் விடப்பட்ட ஏழைச் சிறுவன். விவியேன் தெருவில் ஒரு பேஸ்ட்ரிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பக்கத்திலேயே தேசிய நூலகம். ஓய்வு நேரத்தில் அங்கே போய்ப் பழைய கோயில்கள், கோபுரங்கள், இடிபாடுகள் ஆகியவற்றின் கட்டிட வரைபடங்களைப் பார்த்து நகலெடுத்தார். கடைக்கு வந்து அதே வடிவங்களைச் சர்க்கரையிலும் பாதாம் விழுதிலும் விருந்து மேசைக்கு எழுப்பினார். ராஜதந்திரி தலைரான் அவருடைய வாடிக்கையாளர் ஆனார், பின்னால் ஐரோப்பிய அரச குடும்பங்கள் கூப்பிட்டன. கட்டிடக் கலையின் முக்கியக் கிளையே பேஸ்ட்ரிதான் என்பது அவர் கட்சி.

இதை மனதில் வைத்துக்கொண்டு கரையைப் பாருங்கள். கனமான அடித்தளம், அதன்மேல் சீரான அடுக்குகள், விளிம்பில் மெல்லிய அலங்காரம், உச்சியில் குவிமாடம். ஒரு மணி நேரம் கழித்துக் கடைக் கண்ணாடிக்குள் இந்த ஒழுங்கையே மறுபடி பார்ப்பீர்கள். எந்தப் பாரத்தை எது தாங்குகிறது, எந்த அடுக்கு எவ்வளவு மெல்லியது என்று கண் தானாகத் தேடும்.

திரும்பும் பயணத்தில் சிதே தீவில் கூம்புக் கோபுரங்களோடு கொன்சியெர்ஜெரி வரும். 1793இல் மரி அந்துவானெத் அரசியைக் கொலைமேடைக்கு அனுப்பும் முன் அடைத்துவைத்த சிறை. ரொட்டி இல்லையென்றால் ப்ரியோஷ் (வெண்ணெயும் முட்டையும் சேர்த்த ரொட்டி) சாப்பிடட்டும் என்று அவர் சொன்னதாக இன்றும் சொல்கிறார்கள். அவர் ஆஸ்திரியாவில் சிறுமியாக இருந்தபோதே, பெயரில்லாத ஓர் இளவரசியின் வாயில் அந்த வாக்கியம் எழுதப்பட்டுவிட்டது. பாவம், பழி அவர்மேல் நின்றுவிட்டது. அதே தீவில்தான் நோத்ர தாம். 2019 ஏப்ரல் 15 தீவிபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த தேவாலயம். அதன் புதிய கூர்ங்கோபுரத்தை ஆற்றிலிருந்து பார்ப்பதுபோல் தரையிலிருந்து பார்க்க முடியாது.

5. இறங்கியதும் எந்தக் கரை?

இடது கரை என்றால் போனபார்த் தெரு 72ஆம் எண், பியேர் எர்மே கடை. நடந்தால் கால் மணி நேரம். ரோஜா, லிச்சி, ராஸ்பெரி மூன்றையும் சேர்த்த இஸ்பஹான் இவருடைய புகழ்பெற்ற படைப்பு. பன்னீர் மணம் பழகிய நம் நாக்குக்கு அது உடனே பிடித்துப்போகும். அங்கிருந்து லக்சம்பர்க் தோட்டம் பக்கம்தான். பச்சை இரும்பு நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம், காசு கிடையாது. வெயில் நாளுக்கு என் தேர்வு இதுதான்.

வலது கரை என்றால் மோந்தொர்கோய் தெரு 51ஆம் எண், ஸ்தோரெர். 1730 முதல் அதே இடத்தில் இருக்கிறது. போலந்து மன்னராக இருந்து நாடிழந்த ஸ்தானிஸ்லாஸின் மகள் மரி, 1725இல் பதினைந்தாம் லூயியை மணந்து வந்தபோது கூடவே வந்த பேஸ்ட்ரிக்காரர் நிக்கொலா ஸ்தோரெர். ரம்மில் ஊறும் பாபா கேக்கோடு சேர்த்துச் சொல்லப்படுவது இந்தக் கடைதான். கடை சின்னது, சித்திர வேலைப்பாடு நிறைந்த சுவர்கள், உட்கார வசதியை நம்ப வேண்டாம். வாங்கிக்கொண்டு லே ஆல் பூங்காப் பக்கம் போய்விடுங்கள்.

மழை பெய்தால் ரிவோலி தெருவில் 226ஆம் எண், 1903 முதல் இருக்கும் அஞ்செலினா தேநீர்க்கூடம். மேசையில் உட்கார்ந்து தட்டில் சாப்பிடலாம். செஸ்ட்நட் விழுது, கிரீம், மெரிங்கு (சர்க்கரையோடு அடித்துச் சுட்ட முட்டை வெள்ளைக்கரு) சேர்ந்த மோன் ப்ளான்தான் அங்கே பெயர்பெற்றது. வரிசை நீளமாக இருக்கும். அவர்களுடைய கெட்டியான சூடான சாக்லேட் குடித்தால் அதன்பின் இரண்டாவது பேஸ்ட்ரிக்கு வயிற்றில் இடமிருக்காது.

6. கடைக்குள் நுழைந்ததும்

முதல் வார்த்தை போன்ஜூர். இதைச் சொல்லாமல் நேரே விலை கேட்டால் முகம் இறுகிவிடும். சொன்னால், மீதியை நீங்கள் விரலால் காட்டினாலும் பொறுமையாக எடுத்துத் தருவார்கள். வரிசையில் நிற்கும்போதே கண்ணாடி நெடுக ஒருமுறை பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள். முறை வந்தபின் யோசிப்பது பின்னால் நிற்பவர்களுக்குப் பிடிக்காது.

இரண்டு பேருக்கு நான்கு துண்டு. நான்கு பேர் என்றாலும் ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றையும் பங்கிட்டால்தான் ஒப்பிட்டு ருசிக்க முடியும். ஒரே மாதிரி நான்கு எடுக்காமல், அடித்தளம் வேறுபடும்படி எடுங்கள்: ஒரு பழ தார்த் (மாவுத் தட்டில் பழம் வைத்தது), ஒரு அடுக்கு மாவுப் பேஸ்ட்ரி, ஒரு ஷூ மாவுப் பேஸ்ட்ரி (அடுப்பில் கிண்டிய மாவு, வேகும்போது உப்பி உள்ளே வெற்றிடம் விடும்), ஒரு சாக்லேட். பிரெஞ்சுப் பேஸ்ட்ரியின் இலக்கணம் ஏறக்குறைய இந்த நான்கில் அடங்கிவிடும்.

பழ தார்த்தில் பருவம் பாருங்கள். வசந்தத்தில் ஸ்ட்ராபெரி, செப்டம்பரில் அத்தி, குளிர்காலத்தில் எலுமிச்சை. டிசம்பரில் ஸ்ட்ராபெரி தார்த் கண்ணைப் பறித்தாலும் விட்டுவிடுங்கள்.

அடுக்கு மாவுக்கு மில்ஃபோய். வெண்ணெயை மாவுக்குள் வைத்து மும்மடிப்பாக ஆறு முறை மடித்தால் 729 அடுக்கு வரும். ஓரம் வெளுத்திருந்தால் வேகவில்லை என்று அர்த்தம். நன்றாகப் பழுப்பேறியதாக, அடுக்குகள் தனித்தனியாகத் தெரிவதாக எடுங்கள்.

ஷூ மாவுக்கு உள்ளே கிரீம் நிரப்பிய நீளமான எக்லேரும் உண்டு, ஆனால் என் ஓட்டு பாரி-ப்ரெஸ்டுக்கு. 1891இல் தொடங்கிய பாரிஸ்–ப்ரெஸ்ட்–பாரிஸ் சைக்கிள் பந்தயத்தின் நினைவாக, மெசோன்-லஃபீத்தில் லூயி துரான் என்ற பேஸ்ட்ரிக்காரர் 1910இல் சக்கர வடிவில் செய்தது. நடுவில் கேரமலில் வறுத்து அரைத்த ஹேசல்நட், பாதாம் கிரீம்.

சாக்லேட்டுக்கு ஒபேரா: பாதாம் கேக்கைக் காபிப் பாகில் நனைத்து, காபி வெண்ணெய்க் கிரீமும் சாக்லேட்டும் மாற்றி மாற்றி அடுக்கியது. ஃபில்டர் காபிப் பிரியர்கள் ஏமாற மாட்டார்கள்.

பளீரென்ற பச்சையில் பிஸ்தா இருந்தால் அது நிறமி. உண்மையான பிஸ்தா மங்கிய பச்சைதான்.

விலை, தெருமுனைக் கடைகளில் துண்டு 4 முதல் 6 யூரோ வரை. பெயர்பெற்ற கடைகளில் 7 முதல் 12 வரைகூடப் போகும். உடனே சாப்பிடப் போகிறோம் என்று சொல்லி, மரக் கரண்டியும் காகித நாப்கினும் கேட்டு வாங்குங்கள். பெட்டியைப் பைக்குள் செருகாமல், கிடைமட்டமாகக் கையில் பிடித்துக்கொண்டு நடங்கள்.

7. முட்டை, ஜெலட்டின், மது

நம்மில் பலருக்கு இதுதான் முதல் கேள்வி. வெளிப்படையாகச் சொன்னால், பிரெஞ்சுப் பேஸ்ட்ரியில் முட்டை இல்லாதது மிகக் குறைவு. மாக்கரோன் என்பதே முட்டை வெள்ளைக்கருவும் பாதாமும். வெஜிடேரியன் என்று நீங்கள் சொன்னால் இறைச்சி இல்லை என்று மட்டும்தான் அவர்கள் புரிந்துகொள்வார்கள். முட்டையை அறவே தவிர்ப்பவர்களுக்குப் பொருந்துவன: பழக்கூழைப் பெக்டினில் உறையவைத்த பாத் த ஃப்ருயி, சர்க்கரைப் பாகில் ஊறிய செஸ்ட்நட், பால் சேராத பழ ஐஸான சோர்பே. மாவு, வெண்ணெய், சர்க்கரை மட்டும் சேர்ந்த பால்மியேவும் உண்டு, மேலே முட்டை தடவியிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சோர்பேக்கு சேன் லூயி தீவில் 1954 முதல் இருக்கும் பெர்த்தியோன் கடைக்குப் போகலாம். படித்துறையிலிருந்து ஆற்றோரமாகவே நடக்கலாம். திங்கள், செவ்வாய் அங்கே விடுமுறை. பாரிஸில் முழு வேகன் பேஸ்ட்ரிக் கடைகளும் இப்போது இருக்கின்றன, தேடினால் கிடைக்கும்.

முட்டை பரவாயில்லை, ஜெலட்டின் வேண்டாம் என்பவர்கள் மூஸ் வகைகளையும் கண்ணாடிபோல் பளபளக்கும் மேற்பூச்சு போட்டவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். அந்த ஜெலட்டின் பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ வருவதாக இருக்கலாம். பழைய பாணி எக்லேர், பாரி-ப்ரெஸ்ட், ஒபேரா ஆகியவற்றின் மூலச் செய்முறையில் அது இல்லை. ஆனாலும் கடைக்குக் கடை மாறும், கேட்பதே நல்லது. சான் ஜெலத்தீன் என்றால் ஜெலட்டின் இல்லாமல், சான் அல்கோல் என்றால் மது இல்லாமல். ரம் பாபாவில் மட்டும் ஊறுவதில்லை, மில்ஃபோய் கிரீமிலும் சில சமயம் இரண்டு சொட்டு விழும். ஸ்ட்ராபெரிக் கேக்கில் கிர்ஷ் மது சேர்ப்பதுண்டு. குழந்தைகளுக்குக் கொடுக்கும் முன் கேளுங்கள். கொட்டைப் பருப்பு ஒவ்வாமை இருந்தால் இன்னும் கண்டிப்பாகக் கேளுங்கள், பாதாம் எங்கே ஒளிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

8. சாப்பிடும் வரிசை

குடிக்க வெறும் தண்ணீர், இல்லையென்றால் சர்க்கரை போடாத தேநீர். இனிப்பான பானம் எதுவும் வேண்டாம்.

முதலில் மில்ஃபோய். கிரீமின் ஈரம் ஏறி அதன் மொறுமொறுப்பு நிமிடத்துக்கு நிமிடம் குறைந்துகொண்டே வரும், அதனால் அது காத்திருக்காது. மேலிருந்து கரண்டியால் அழுத்தினால் கிரீம் நான்கு பக்கமும் பிதுங்கி எல்லாம் பாழ். பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வையுங்கள். அடுக்குகள் இப்போது நெட்டுக்குத்தாக நிற்கும். பல் வைத்த சின்னக் கத்தியால் அழுத்தாமல் அறுத்தால் மூன்று மாவும் இரண்டு கிரீமும் குலையாமல் சரியான துண்டு வரும். தங்கும் இடத்திலிருந்து கத்தியை மறக்காமல் எடுத்து வாருங்கள். கடிக்கும்போது முதலில் சத்தம், அப்புறம் வெண்ணெய் வாசனை, கடைசியில்தான் வெனிலா. நல்ல மில்ஃபோயில் இனிப்பு முந்திக்கொண்டு வராது.

இரண்டாவது பழ தார்த். வெண்ணெயின் பிசுபிசுப்பைப் புளிப்பு கழுவிவிடும். அதற்குள் பாரி-ப்ரெஸ்ட் பெட்டியில் இருந்தபடியே குளிர் விட்டு இளகியிருக்கும். கடையின் குளிர்ப்பெட்டியிலிருந்து வந்ததும் சாப்பிட்டால் வெண்ணெய்க் கிரீம் மெழுகுபோல் இருக்கும், பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் ஹேசல்நட் வாசனை எழும்பும். கடைசியில் ஒபேரா, ஆளுக்கு இரண்டே வாய். சாக்லேட்டும் காபியும் நாக்கில் தங்கிவிடும் என்பதால் அதற்குப் பின் எதைச் சாப்பிட்டாலும் எடுபடாது.

குழந்தைகள் இருந்தால் இந்த வரிசையை அவர்கள்மேல் திணிக்காதீர்கள். ஆளுக்கொரு எக்லேர் கையில் கொடுத்துவிட்டால் போதும், தோட்டத்தில் ஓடட்டும்.

9. மீந்ததும், அதற்குப் பிறகும்

இவ்வளவு இனிப்புக்குப் பிறகு காரம் கேட்கும், அது இயல்புதான். மோந்தொர்கோய் பக்கம் இருந்தால் எத்தியேன் மார்செல் நிலையத்தில் மெட்ரோ 4ஆம் தடம் ஏறி கார் து நோரில் இறங்குங்கள். அங்கிருந்து லா ஷப்பேல் பக்கம் நடந்தால் ஃபோபூர் சேன்-தெனி தெருவில் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும். தோசை, கொத்து ரொட்டி எல்லாம் கிடைக்கும். கடைக்காரரிடம் தமிழிலேயே பேசலாம்.

கிரீம் உள்ள பேஸ்ட்ரி மீந்தால் அன்றிரவுக்குள் தீர்த்துவிடுங்கள், மறுநாளுக்கு வைக்க வேண்டாம். ஊருக்கு எடுத்துப்போக மாக்கரோன் பொருத்தம். செய்த அன்றைவிட ஓரிரு நாள் குளிர்ப்பெட்டியில் இருந்தபின்தான் அதன் ஓடும் உள்ளீடும் ஒன்றுசேரும். பயணத்துக்கு முந்தின நாள் மாலை வாங்குங்கள். நொறுங்காமல் இருக்கக் கெட்டிப் பெட்டியாகக் கேட்டு வாங்கி, விமானத்தில் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனதும் குளிர்ப்பெட்டியில் வைத்து மூன்று நான்கு நாளுக்குள் சாப்பிட்டுவிடலாம். ஒவ்வொரு முறையும் எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகு சாப்பிடுங்கள்.